சலேகா என்று எழுதுபவர்

எங்கள் பாட்டுக் குழுவில் அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். போன் வாங்கிய அன்று அது பெயர் கேட்டிருக்கிறது. இவர் எதையோ அமுக்க, புள்ளி விழுந்திருக்கிறது. கேட்டதற்கு ஏதோ கொடுத்தாயிற்று என்று அதோடு விட்டுவிட்டார். குழுவில் எல்லோரும் அவரைப் புள்ளி அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் இங்கேயும் பெயர் வேண்டாம்.

குழு என்றால் போனில் பாட்டு போட்டுக் கேட்கிற குழு. போர்ட் பிளேரிலும் மற்றத் தீவுகளிலும் இருக்கிற தமிழ் ஆட்கள்தான் எல்லோரும். பழைய பாட்டு, புதுப் பாட்டு, கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாயனம், வீட்டில் பிள்ளைகள் பாடியது, எதை வேண்டுமானாலும் போடலாம். கேட்டவர்கள் கீழே விமர்சனம் எழுத வேண்டும். கைதட்டுகிற படத்தையும் ரோஜாப்பூவையும் போட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது. அது ஆரம்பத்திலிருந்தே எங்கள் பெருமை.

புள்ளி அண்ணன் யார் எந்தப் பாட்டைப் போட்டாலும் முழுக்கக் கேட்பார். பிடித்திருந்தால் அந்தப் பாட்டைத் தொட்டு, அதற்குப் பதிலாக ஒரே வார்த்தை எழுதுவார்: சலேகா. பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் எழுத மாட்டார். தாலாட்டுக்கும் சலேகா, தவிலுக்கும் சலேகா, காதல் தோல்விக்கும் சலேகா. ஆச்சரியக்குறி கிடையாது. முற்றுப்புள்ளிகூட கிடையாது. அதுதான் மேலே பெயராகப் போய்விட்டதே என்று குழுவில் இருக்கிற ஜே.ஈ. சார் ஒருமுறை கிண்டல் செய்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு இங்கே வந்தவர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரை எழுதி மார்க் வாங்கித்தான் நான் பி.காம். வரைக்கும் போனேன். அப்படிப்பட்டவனால் ஒரு வார்த்தையை விமர்சனம் என்று ஒத்துக்கொள்ள முடியுமா? ஒரு பாட்டில் இசை இருக்கிறது, வரி இருக்கிறது, குரல் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று பத்தி வேண்டாமா? நானும் ஜே.ஈ. சாரும்தான் குழுவைப் பார்த்துக்கொள்கிற அட்மின்கள். ஆனாலும் அவரிடம் போய் நான் எதுவும் சொன்னதில்லை. ஏனென்றால் அவரை எனக்குக் குழுவுக்கு முன்னாலேயே தெரியும்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது லாங் ஐலண்டில். அங்கே கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் அவர் அப்போது இருந்தார். மழைக்காலம். காற்று அதிகமாக இருந்ததால் கப்பலை நிறுத்திவைத்திருந்தார்கள். பலாப்பழத்தோடும் கோழியோடும் ஒரு தையல் மிஷினோடும் ஜனங்கள் ஷெட்டில் குந்தியிருந்தார்கள். கவுண்டர் ஜன்னலில் ஆள் மாற்றி ஆள் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஜஹாஜ் சலேகா க்யா? கப்பல் ஓடுமா? உள்ளே வயர்லெஸ் பக்கம் போய்விட்டு வந்து அவர் வெளியே தலையை நீட்டினார். “சலேகா.” அவ்வளவுதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இடுப்பில் குழந்தையோடு அழுதுகொண்டிருந்த ஒரு பெங்காலிப் பெண் அழுகையை நடுவில் நிறுத்திச் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் விடவில்லை. கேட்டவனே திரும்ப வந்து கேட்டான். பக்கத்தில் நின்று காதால் கேட்டவனும் தன் பங்குக்கு ஒருமுறை கேட்டான். முதல் ஆளுக்குச் சொன்ன அதே குரலில் கடைசி ஆளுக்கும் சொன்னார். ஒரு தரம்கூடக் கோபமில்லை, ஒரு வார்த்தைகூட மாறவில்லை. என் முறை வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணே, ஒரு போர்டில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்றேன்.

“போர்டைப் பாத்துட்டும் கேப்பாவ தம்பி,” என்றார். “வாயால சொன்னாத்தான் நெசம்னு இருக்கும்.”

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே. பிள்ளைகளின் படிப்புக்காக இவர் மட்டும் தீவில் தனியாகக் காலம் தள்ளினார். லாங் ஐலண்டிலிருந்து மாற்றலாகி போர்ட் பிளேர் ஜெட்டிக்கு வந்து, டெலானிபூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து இருந்தார். வேலை முடிந்து அந்த மேட்டில் ஏறி, கதவைத் திறந்து, குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டால் அப்புறம் அவருக்கு உலகம் என்பது எங்கள் குழுதான். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், வருத்தப்படாமல், பஸ் நம்பரைச் சொல்வது மாதிரி.

அந்த ஒரு வார்த்தை பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஷாதிபூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர் வந்து ரசம் எப்படி என்று கேட்டார். சலேகா என்றார். சமையல்காரர் முகம் தொங்கிவிட்டது. இன்னொரு நாள் அவரோடு வேலை பார்ப்பவரின் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறார். துணியை விலக்கிக் காட்டியிருக்கிறார்கள். இவர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, மனசார, சலேகா என்றிருக்கிறார். குழந்தையின் அம்மா ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை.

தீவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற ஹிந்தி வார்த்தைகளில் இதுவும் ஒன்று. சில்லறை கொஞ்சம் குறைகிறதா, சலேகா. மீன் சின்னதாக இருக்கிறதா, சலேகா. போகட்டும், சமாளித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஜே.ஈ. சாரும் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து அந்த அர்த்தத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தார். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜே.ஈ. சார் நல்ல மனிதர். கட்டட வேலை பார்க்கிற ஜூனியர் எஞ்சினியர். தமிழ்மேல் உயிர். அவர் எழுதுகிற விமர்சனம் போன் திரையில் மூன்று தள்ளு தள்ளினாலும் முடியாது. ‘இசை என்பது ஒரு கடல்’ என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்துவிட்டால் மூழ்காமல் வெளியே வர மாட்டார். அவருடைய மகள் பள்ளி விழாவுக்காக ஒரு பாட்டைப் பழகி, அதை வீட்டில் பாடிப் பதிவு செய்து, அவரே குழுவில் போட்டார். அருமை, இனிமை, தேன், பலாச்சுளை என்று கீழே குவிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளி அண்ணன் வந்தார். சலேகா.

ஜே.ஈ. சார் அன்று எனக்குப் போன் செய்தார். “தம்பி, என் பொண்ணு ஒரு மாசம் பழகிப் பாடியிருக்கு. ஏதோ போகுதுங்கிறாரே. இது விமர்சனமா?”

மறுநாள் குழுவில் பகிரங்கமாகவே கேட்டுவிட்டார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதுவது பாட்டுக்கும் அவமானம், தமிழுக்கும் அவமானம், போதாததற்கு அது தமிழே இல்லை என்றார். மொத்தமாகக் காய்கறி இறக்கி வியாபாரம் செய்கிற சங்கரன் அண்ணாச்சி உடனே உள்ளே வந்தார். அவருக்குச் சண்டை என்றால் லோடு வந்த மாதிரி.

“சார், நீங்களும் தெனமும் கடல்ல இருந்துதானே கிளம்புறீங்க?”

“அது பாணி.”

“அப்ப இவரோடது?”

“அது சோம்பேறித்தனம்.”

அந்த வாரம் குழுவில் பாட்டே வரவில்லை, வாதம்தான் வந்தது. திரும்பச் சொல்வது குற்றமா, விமர்சனத்துக்கு நீளம் வேண்டுமா, பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எத்தனை வார்த்தை தேவை என்றெல்லாம் எழுதினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாதம். நானும் இரண்டு பக்கத்துக்கும் புரிகிற மாதிரி நீளமாக ஒன்று எழுதினேன். இரண்டு பக்கமும் அதைப் படிக்கவில்லை. புள்ளி அண்ணன் அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். பாட்டில் பல்லவி எத்தனை தடவை வருகிறது, அதை யாரும் கேட்கவில்லையே என்று எழுதினார். ஜே.ஈ. சார் விடுவாரா? பல்லவிக்கு நடுவில் சரணம் வருமே, உங்கள் சரணம் எங்கே என்றார். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

கடைசியில் ஓட்டெடுப்பு நடந்து விதி வந்தது. விமர்சனம் ஐந்து வாக்கியத்துக்குக் குறையக் கூடாது. ஒருமுறை பாராட்டிய வார்த்தையால் மறுமுறை பாராட்டக் கூடாது. மூன்று முறை தவறினால் குழுவிலிருந்து நீக்கம். பொதுவாகத்தான் எழுதியிருந்தது. யாருக்காக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும்.

விதி வந்த பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அருமை, இனிமை, அற்புதம் மூன்றும் முதல் நாளே தீர்ந்துபோயின. சங்கரன் அண்ணாச்சி ஒரு தாலாட்டைப் பற்றி, ‘மெயின்லாண்டிலிருந்து அழுகாமல் வந்து இறங்கிய தக்காளி’ என்று எழுதினார். அடுத்த பாட்டுக்குத் தக்காளி கூடாதே, பீன்ஸ் என்றார். அப்புறம் முட்டைகோஸ். கடைசியில், என் கடையையே காலி பண்ணிவிட்டீர்களே, இனி கருவேப்பிலைதான் பாக்கி என்று புலம்பினார். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். ‘தீங்குரல்’ என்று ஒரு பாடகியைப் புகழ்ந்தேன். இனிய குரல் என்று அர்த்தம். அந்தம்மா அப்படி என்ன தீங்கு செய்தார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்.

புள்ளி அண்ணன் பழக்கதோஷத்தில் விதி வந்த அன்றே சலேகா என்று எழுதி ஒரு தவறு வாங்கினார். பிறகு முயற்சி செய்தார். உண்மையாகவே முயற்சி செய்தார். ஒரு பக்திப் பாட்டுக்கு அவர் எழுதியது இது: ‘ஆரம்பத்தில் காற்று இல்லை. நடுவில் தபலா கொஞ்சம் ஆடியது. பாடகர் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒழுங்காகக் கரைக்கு வந்தது. பயணிகள் ஏறிக்கொள்ளலாம்.’

சரியாக ஐந்து வாக்கியம். குழுவே கொண்டாடியது. ஜே.ஈ. சார்கூட, பார்த்தீர்களா, உள்ளே ஒரு எழுத்தாளர் ஒளிந்திருந்திருக்கிறார் என்றார். ஆனால் அடுத்த பாட்டுக்கும் அதே காற்று இல்லை, அதே கரை, அதே பயணிகள். தபலா இருந்த இடத்தில் மிருதங்கம் ஆடியது. இரண்டாவது தவறு. இன்னும் ஒன்று ஆனால் நீக்க வேண்டும், நீக்குகிற பொத்தான் என் போனிலும் ஜே.ஈ. சார் போனிலும்தான் இருக்கிறது. அந்த வேலையை எங்களுக்கு அவர் வைக்கவில்லை. அவராகவே போய்விட்டார். குழுவிலிருந்து யாராவது விலகினால் திரையில் பெயரோடு ஒரு வரி வரும். அன்று ஒரு புள்ளி வெளியேறியது என்று வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் அன்று கவனிக்கவில்லை.

கவனித்தது என் அம்மா.

அம்மா ஷாதிபூரில் எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறாள். கிரைண்டர் ஓடுகிற நேரமெல்லாம் அவளுக்குப் பாட்டு ஓட வேண்டும். அதற்காகத்தான் அவளையும் குழுவில் சேர்த்துவிட்டிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டு இருக்கிற இடத்தில் விரலை வைத்தால் போதும், ஏதோ ஒன்று வரும், கேட்டுக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் எதைத் தொடுகிறாள், எப்படித் தேர்ந்தெடுக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

“டேய் தம்பி, அந்தக் கொக்கி எழுத்து ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?” என்றாள் ஒரு காலையில்.

எந்தக் கொக்கி என்றேன்.

“அதான்டா, சின்னதா ஒண்ணு வருமே. மொதல்ல நாற்காலி மாதிரி ஒண்ணு. நடுவுல கொக்கி. கடைசில வளைஞ்ச வாசல் மாதிரி. அதத் தொட்டா மேல கொண்டுபோயி நல்ல பாட்டா வைக்கும். இப்ப அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளுறேன், காணமே.”

நான் பால் பாக்கெட் உறையில் பேனாவால் ‘சலேகா’ என்று எழுதிக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. இதேதான் என்றாள். ச அவளுக்கு நாற்காலி. லே கொக்கி. கா வாசல். மூன்றும் சேர்ந்தால் நல்ல பாட்டு. இத்தனை நாளும் அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன்.

“இதுல சொல்ல என்னா இருக்கு? எல்லாரும் அப்பிடித்தானே கேப்பாக?”

மற்றவர்கள் எழுதுவதெல்லாம் என்று இழுத்தேன்.

“அந்தப் பெரிய பெரிய கோலமா? அதைத் தள்ளிவிட்டுருவேன்.”

அந்தக் கோலங்களில் பாதி நான் போட்டவை. அதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் தேடிப் பார்த்து, அவர் வெளியேறிவிட்டதைத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை டெலானிபூர் மேட்டில் ஏறினேன். அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒயர் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. செருப்போடு வாங்க, தரை ஈரம் என்றார். பால் பவுடரில் டீ போட்டுக் கொடுத்தார். அவராகவே ஆரம்பித்தார்.

“கோவிச்சிக்கிட்டுப் போகல தம்பி. எழுத எழுத எனக்கே பொய் மாதிரி இருக்கு. தபலா ஆடுச்சுன்னு எழுதிட்டேன். தபலா எங்க ஆடுச்சு? நல்லாத்தான வாசிச்சான் அவன். அஞ்சு வரி வேணும்னு அவன் மேல பழியப் போட்டுட்டேன்.”

ஜே.ஈ. சார் மகள் பாட்டு உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிடித்ததால்தானே சலேகா எழுதினேன் என்றார். சார் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று விளக்கினேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

“அட கடவுளே. ஏதோ போகுதுன்னா நான் சொன்னேன்?” என்றார். “லாங் ஐலண்டுல ஒரு கல்யாணம் தம்பி. பொண்ணு வீடு இங்க, மாப்பிள்ளை வீடு மாயாபந்தர்ல. கப்பல் நின்னுபோச்சு. பந்தலுக்குக் கட்டின வாழைக் கொலையெல்லாம் பழுத்து விழுது, கப்பல் வரல. பொண்ணு வந்து வந்து ஜெட்டியில நிக்கி. ஒருநா காலையில நான் வெளிய வந்து சலேகான்னேன். அந்தப் பொண்ணோட அப்பா என்னையத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டாரு. என் வெயிட்டு உங்களுக்குத் தெரியும்லா? அன்னைலருந்து நல்ல சேதின்னா எனக்கு அதான் வாயில வருது. அதைவிடப் பெரிய வார்த்தை ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

ரசமும் குழந்தையும் எனக்கு ஞாபகம் வந்தன. அந்தச் சமையல்காரரைக் கூப்பிட்டு யாராவது இதைச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நாற்காலி, கொக்கி, வாசல். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பயந்துபோனார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

“அப்ப நான் ஒரு எழுத்து மாத்திப் போட்டிருந்தா?”

அம்மா அந்தப் பாட்டைத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள் என்றேன்.

“நல்லவேளை,” என்றார். கொஞ்ச நேரம் வாசலில் அங்கும் இங்கும் நடந்தார். “நான் பாட்டுக்கு என் இஷ்டத்துக்குல்லா போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு ஆளு அதை நம்பி உக்காந்திருக்காவன்னு தெரியாதே.”

நான் அங்கிருந்து நேராக ஜே.ஈ. சார் வீட்டுக்குப் போனேன். பக்கத்துச் சரிவுதான். இரண்டையும் சொன்னேன், கல்யாணக் கதையையும் கொக்கியையும். கல்யாணக் கதையைக் கேட்டதும் மகளை உள்ளேயிருந்து கூப்பிட்டு, அந்த அங்கிளுக்கு உன் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம் என்று மட்டும் சொன்னார். கொக்கிக் கதை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப நான் எழுதுறதை உங்கம்மா என்ன பண்ணுவாங்க?”

“தள்ளிவிட்டுருவாங்க சார்.”

“உங்களோடது?”

“அதையும்தான் சார்.”

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, புள்ளியை அவர் கையாலேயே திரும்பச் சேர்த்தார். விதியையும் திருத்தினார். விமர்சனம் ஐந்து வாக்கியத்துக்குக் குறையக் கூடாது, அல்லது ஒரே வார்த்தையாக இருக்க வேண்டும், இடைப்பட்டது எதுவும் கூடாது. பாராட்டிய வார்த்தையால் மறுபடி பாராட்டலாம். சங்கரன் அண்ணாச்சி தன் தக்காளி திரும்பக் கிடைத்ததற்காக நன்றி சொன்னார்.

ஆனால் திரும்பி வந்தவர் பழைய புள்ளி அண்ணன் இல்லை. முன்பெல்லாம் பாட்டு விழுந்த கொஞ்ச நேரத்தில் சலேகா விழும். இப்போது தாமதமானது. நான் கணக்கு எழுதுகிற சரக்கு ஏஜென்சியின் வேலையாக டெலானிபூர் பக்கம் போனபோது விசாரித்தால், இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன் என்றார். அம்மாவுக்கு உருமி பிடிக்குமா, பிடிக்காதா என்று என்னிடம் கேட்டார். பிடிக்காத பாட்டுக்குச் சும்மா இருப்பதும் அவருக்கு இப்போது தப்பாகப் பட்டது. ஒன்றும் போடாமல் விட்டால் அம்மா தேடிக்கொண்டிருப்பாளே, வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டாமா என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் பேச்சு எவ்வளவு நிஜம் என்பது ஜே.ஈ. சார் பாடியபோது தெரிந்தது.

அவருடைய ஆபீசில் யாருக்கோ பிரிவுபசார விழா. மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சார் ஒரு பழைய பாட்டை எடுத்து, சுருதி ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக, மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டி, ஆனாலும் நிறுத்தாமல் முடித்திருக்கிறார். அதைக் குழுவில் போட்டார். எல்லோரும் யோசித்து யோசித்து எழுதினோம். நான் ‘முயற்சி’ என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்து ஒரு பத்தி எழுதினேன். அப்புறம் புள்ளி அண்ணன் எழுதினார்.

‘நஹி சலேகா.’

ஓடாது. ஜெட்டியில் அவர் அதையும் எத்தனையோ தடவை சொன்னவர்தான். ஆனால் குழுவில் அதுதான் முதல் தடவை. சங்கரன் அண்ணாச்சிகூட வாயைத் திறக்கவில்லை. விதியை மறுபடி திருத்த ஜே.ஈ. சாருக்கு எவ்வளவு நேரமாகும்? நீக்குகிற பொத்தான் அவர் கையில் இருந்தது. நான் வீட்டில் கையில் போனை வைத்துக்கொண்டு, யாராவது வேறொரு பாட்டைப் போட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கிரைண்டர் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். ஈரக் கையோடு போனை நீட்டினாள்.

“கொக்கி வந்திருக்கு. முன்னாடி இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கே, அது என்னா?”

இந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்கிறார் என்றேன். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் வழக்கம்போலக் கொக்கியைத் தொட்டு, பாட்டை வைத்து, முழுக்கக் கேட்டு முடித்திருந்தாள்.

“வேணாங்குறாரா?” என்றாள். “எதுக்கு? அந்த மனுசனுக்கு இன்னைக்கு என்னா ஆச்சு?”

நான் பதில் சொல்வதற்குள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்விட்டாள். லாங் ஐலண்டில் இருக்கிற அக்காவுக்குக் குரலில் பேசி அனுப்பிப் பழக்கம் உண்டு. ஆனால் குழுவில் அவள் குரல் போனதே இல்லை. அம்மா, அம்மா என்று நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள்.

“தம்பி, நான் ஷாதிபூர்ல மாவு அரைக்கிற அம்மா பேசுறேன். நீங்க சொல்றது தப்பு. கொரலு கரகரன்னுதான் இருக்கு, நான் இல்லங்கல. ஆனா மூச்சு வாங்க வாங்க விடாமப் பாடி முடிச்சிருக்காரு. அதுவும் ஒரு பாட்டுதான். நான் ரெண்டாவது வாட்டியும் வைக்கப்போறேன். சரி, வச்சிர்றேன்.”

பின்னால் கிரைண்டர் சத்தத்தோடு அது போய் விழுந்தது. திரையின் மேல் புள்ளி எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. மறுபடி நின்றது. ஒரு வார்த்தைக்காரர் இவ்வளவு நேரம் எதைத்தான் அழித்து அழித்து எழுதுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா கழுத்தை நீட்டி, என்னடா சொல்றாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வந்தது. வாசித்துக் காட்டினேன்.

‘அப்படியா அக்கா. இருங்க, மறுபடி கேட்டுட்டு வாரேன்.’

“கேக்கட்டும்,” என்றாள் அம்மா. மாவைத் தள்ளிவிட்டு, பாட்டை மறுபடி வைத்தாள்.